கரை நாளும் கைப்பணமும்

கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு கடலில் செல்லாமல் வாழ்கின்றவர்கள் நாம். மாகிமில் கடல் இருக்கிறது. தாதரில் கடல் இருக்கிறது. கோட்டைப் பக்கம் போனால் இருபுறமும் கடல்தான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகின்றோம். நம் முன்னோர் கப்பலேறிக் கொழும்புக்கும் பினாங்குக்கும் போனார்கள். வயிற்றுப் பிழைப்புக்காகப் போனார்கள். இன்பத்துக்காகக் கப்பலேறுவது சீமான்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றி நிற்கிறது.

அந்த எண்ணம் இப்போது சற்றே தளர்ந்து வருகிறது. 2021 செப்டம்பரில் ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் மும்பையிலிருந்து உள்நாட்டு உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. 1990இல் கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் வேற்று நாட்டுக் கடல்களில் ஓடிய கப்பல் அது. அதன் பின்னர் கோவா, கொச்சி, இலட்சத்தீவு என்று குடும்பத்தோடு போய் வந்தோர் கதைகள் நம் அலுவலகங்களிலும் கேட்கத் தொடங்கின. ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு ரயில் பயணத்துக்கு இலவசப் பாஸ் உண்டு. ஆனால் பாஸைக் காட்டிக் கப்பலேற முடியாதே! ஆகவே சீட்டுக் கட்டினேன். 2024 நவம்பரில், தீபாவளி விடுமுறையின் பிற்பகுதியில், என் மனைவி, பதினாறு வயது மகள், பதினான்கு வயது மகன் ஆகியோருடன் கொச்சிக்கும் இலட்சத்தீவுக்கும் சென்று திரும்பும் ஐந்து இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்தேன்.

நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது கப்பலின் பெருமையை அன்று. கரை நாளைப் பற்றியே எழுதுகிறேன். கப்பல் ஒரு துறையில் காலையில் வந்து நிற்கும்; மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரம் நமக்கு உரியது. அதைத்தான் கரை நாள் என்கிறேன். கப்பலுக்குள் உணவும் உறக்கமும் கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. கரையில் இறங்கிய உடனே செலவு தொடங்குகிறது. நடுத்தரக் குடும்பத்தின் பயணம் இனிப்பதும் கசப்பதும் அந்த ஏழெட்டு மணி நேரத்தில்தான்.

பொதுவாக உல்லாசக் கப்பல்கள் எல்லாம் தாமே கரைச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்கின்றன. குளிர்வசதிப் பேருந்து, வழிகாட்டி, குறித்த இடங்கள், குறித்த நேரம். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. முதியோரும் நடக்க இயலாதோரும் அதில் செல்வதே நன்று. அதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கப்பலார் அழைத்துச் சென்ற பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்து நிற்கும். தனியே சென்றவன் தாமதமானால் கப்பல் நிற்காது. தனியே போக விரும்புகிறவர் இதை முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பொறுத்தவரை, நால்வருக்கும் பேருந்துச் சுற்றுலா என்றால் அந்தத் தொகை எங்கள் கைப்பணத்தைப் போல் பல மடங்கு. சீட்டுப் பணம் கப்பல் கட்டணத்தோடு தீர்ந்துவிட்டது. இரண்டு கரை நாட்களுக்கும் சேர்த்து என்னிடம் எஞ்சியது 2,000 ரூபாய். அந்த இரண்டாயிரத்தை என்ன செய்வது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தபோது, ‘பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்களேன்’ என்றாள் அவள். விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினான்கு வயதுக்கு மேல் பிள்ளைகள் நம்மோடு ஒரே அறையில் இருந்துகொண்டே வெகு தொலைவுக்குப் போய்விடுகிறார்கள். நம் லேபர் கேம்ப் வீடுகளில் ஒருவருக்கொருவர் முதுகு இடிக்காமல் திரும்ப முடியாது. ஆயினும் பேச்சு இல்லை. கேட்ட கேள்விக்கு ‘உம்’ என்பது ஒரு விடை. ‘தெரியாது’ என்பது மற்றொரு விடை. என் மகளிடம் இன்னொன்றையும் நெடுநாளாகக் கவனித்து வந்தேன். எங்கே வீடு என்று யாராவது கேட்டால் ‘சயானில்’ என்பாள். தாராவி என்று சொல்வதில்லை; லேபர் கேம்ப் என்று சொல்வதே இல்லை. நான் கண்டித்ததில்லை. அவள் வயதில் அந்தச் சொல்லுக்கு மற்றவர் முகத்தில் எழும் மாற்றம் எனக்கும் தெரியும். இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவள் கல்லூரி, வேலை என்று தன் வழியே போய்விடுவாள். நால்வரும் சேர்ந்து போகும் பயணம் இனி எத்தனை வாய்க்கும்? இந்த எண்ணமே சீட்டுக் கட்ட வைத்தது. பணப்பையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் வைத்தது.

நான் விதித்தவை மூன்றே கட்டளைகள். முதலாவது, இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு காசும் கிடையாது. இரண்டாவது, நால்வரும் ஆளுக்கு ஓர் இடத்தையோ ஒரு செயலையோ தேர்ந்தெடுக்கலாம். நான்கையும் பொருத்துவது பிள்ளைகளின் பொறுப்பு. மூன்றாவது, கப்பலில் ஏறியாக வேண்டும் என்று சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாயிலில் நிற்க வேண்டும். ரயில் கால அட்டவணையில், வண்டி வழியில் தாமதமானால் ஈடுகட்டிக்கொள்ளச் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த நிமிடங்கள் வீண் அல்ல. அவையே வண்டியைக் காப்பாற்றுகின்றவை. கரை நாளுக்கும் அத்தகைய நேரம் வேண்டும் என்று விளக்கினேன். மகன், ‘ஒரு மணி நேரம் மிக அதிகம் அப்பா’ என்றான். கட்டளை கட்டளைதான் என்றேன்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கொச்சியின் படத்தை வரைந்து சுவரில் ஒட்டினார்கள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது! கைப்பேசியில் தேடித் தேடி மகள் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தாள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலும் சனிக்கிழமையும் விடுமுறை. நாங்கள் இறங்குவது புதன்கிழமை. தப்பித்தோம். கிழமை பாராமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்த்துத் திரும்ப நேரும். தனியே போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை விடுமுறை நாளைத் தெரிந்துகொள்வதே.

கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவு இயற்கைத் தீவு அன்று. 1920இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், கடல்வாயை ஆழப்படுத்துவதற்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. 1928இல் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது. இதையெல்லாம் நான் சொன்னபோது பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள். என் பங்குக்கு நான் கேட்டது அந்தத் தீவில் இருக்கும் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் நிலையத்தை ஒரு முறை பார்ப்பது. ஒரு காலத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அங்கே ரயிலேறினார்கள். நாங்கள் போனபோது பயணிகள் வண்டி எதுவும் அங்கிருந்து ஓடவில்லை. ரயில்வேக்காரனுக்கு அப்படிப்பட்ட நிலையத்தைப் பார்ப்பதில் ஒரு துயரமும் ஒரு நிறைவும் உண்டு. ‘ஆட்டோவில் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம்’ என்று மகள் ஒதுக்கிக் கொடுத்தாள்.

மகள் தேர்ந்தெடுத்தது மட்டாஞ்சேரி யூதர் ஆலயம். மகன் தேர்ந்தெடுத்தது கொச்சி மெட்ரோ ரயிலில் ஒரு பயணம். மனைவி, ‘எனக்கு எதுவும் வேண்டாம், உங்களோடு வருகிறேன்’ என்றாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சொல்லும் விடை அதுதானே! பிள்ளைகளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை துறைமுக வாயிலைத் தாண்டியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாள் முழுவதற்கும் ஒரே விலை என்று பேசினார்கள். மகள் முன்னே நின்று, ‘மட்டாஞ்சேரி அரண்மனை வரை மட்டும்’ என்று தமிழிலேயே சொன்னாள். அவர்கள் மலையாளத்தில் பேசினார்கள். இரண்டு மொழிக்கும் நடுவே 150 ரூபாய்க்கு உடன்பாடு ஆயிற்று. நான் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தகப்பன்மார் அறிவார்கள்.

அந்த அரண்மனை 1555இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பின்னாளில் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் பெற்றது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காத என் மகன் அந்தச் சுவர்களின் முன் நெடுநேரம் நின்றான். அருகிலேயே யூதர் ஆலயம். 1568இல் கட்டப்பட்டது. தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த நீலநிற ஓடுகள்; கையால் தீட்டியவையாதலால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்று சொல்கிறார்கள். 1760இல் எழுந்த மணிக்கூண்டும் அங்கே உண்டு. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், யூதர், சீனத்து ஓடு, நம் இராமாயணம் ஆகிய அனைத்தும் நூறு அடி தொலைவுக்குள் நிற்பதைப் பார்த்தபோது, வந்தேறிகள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். துறைமுக நகரம் என்றாலே வந்தவர்களால் ஆனதுதான். கொச்சிக்கும் அதுவே, மும்பைக்கும் அதுவே.

ஆலயத்துத் தெருவில் ஏலமும் கிராம்பும் விற்கும் ஒரு கடைக்காரப் பெண்மணி, எந்த ஊர் என்று மகளிடம் விசாரித்தார். நான் மறுமொழியை முன்கூட்டியே அறிந்தவன்போல் வேறு பக்கம் பார்த்தேன். மகள், ‘மும்பை’ என்றாள். சற்று நிறுத்தி, ‘தாராவி, லேபர் கேம்ப்’ என்றாள். அந்த அம்மையார், ‘சினிமாவில் பார்த்திருக்கிறேன்’ என்றார். ‘சினிமாவில் எங்கள் தெரு வராது’ என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நகர்ந்தாள் மகள். அன்று அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரையிலும் கேட்கவில்லை. பணப்பையும் கடிகாரமும் வழியும் தன் கையில் இருக்கும்போது மனிதருக்கு ஊர்ப் பெயரைச் சொல்வதில் அச்சம் குறையும் போலும்.

அங்கிருந்து மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெருக்களின் வழியே கோட்டைக் கொச்சி வரை நடந்தோம். நடைக்குக் கட்டணம் இல்லை. 1503இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539இல் எச்சங்களைப் போர்த்துக்கல்லுக்கு எடுத்துச் சென்றார்கள். கரையோரத்தில் சீன வலைகளை நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்கும் காட்சிக்கும் கட்டணம் இல்லை. உணவு விடுதியில் மீன் குழம்போடு சாப்பாடு. நால்வருக்கும் 480 ரூபாய்.

அதன் பின்னர் வந்தது சோதனை. கொச்சியின் நீர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. உயர் நீதிமன்றத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் படகு விட்டார்கள். ஆளுக்கு 40 ரூபாய். குளிர்வசதியுள்ள மின்படகு. அதில் ஏறி எர்ணாகுளம் சென்று, அங்கே மெட்ரோ ரயிலில் ஒரு சுற்றுப் போய்த் திரும்புவது திட்டம். ஆனால் படகுத்துறையில் வரிசை நீண்டு நின்றது. ஒரு படகு நிரம்பிப் போயிற்று, அடுத்ததும் நிரம்பியது. நாங்கள் எர்ணாகுளம் இறங்கியபோது நாற்பது நிமிடம் போய்விட்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்தது. மகள் தாளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ‘மெட்ரோ ரயில் வேண்டாம். நேரே துறைமுகம்’ என்றாள்.

தம்பிக்குக் கண்கள் சிவந்தன. ‘உன்னுடையதைப் பார்த்துவிட்டாய், என்னுடையதை மட்டும் வெட்டுகிறாயா?’ என்றான். அவன் கேட்டது நியாயமே. நான் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். மனைவி என் கையைத் தொட்டாள், சும்மா இருந்தேன். மகள், ‘அடுத்த கரையில் மீதிப் பணம் முழுவதும் உன்னுடையது’ என்றாள். அவன் பேசாமல் ஆட்டோவில் ஏறினான். பாலத்தைத் தாண்டுவதற்குள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது, வாகனங்கள் ஊர்ந்தன. நாங்கள் வாயிலில் இறங்கியபோது நாங்கள் வைத்திருந்த ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடமே மிஞ்சியிருந்தது. மகன் கப்பலின் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒரு மணி நேரம் மிக அதிகம் என்று அவன் அதன் பிறகு சொல்லவில்லை.

அன்று இரவு கணக்கு எழுதினார்கள். காலை ஆட்டோ 150, உணவு 480, படகு 160, மாலை ஆட்டோ 200, நுழைவுக் கட்டணங்களும் தேநீரும் 150. ஆக 1,140. மீதி 860.

மறுநாள் இலட்சத்தீவின் அகத்தி. கொச்சியைப் போல் அங்கே மனம் போனபடி சுற்ற இயலாது. இலட்சத்தீவுக்குள் செல்ல வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1967ஆம் ஆண்டின் விதிகள் அவ்வாறு சொல்கின்றன. கப்பலில் செல்வோருக்கு அந்த ஏற்பாடு பயணப் பதிவோடு முடிந்துவிடுகிறது. பெருங்கப்பல் கரையை அணுக முடியாது. ஆழ்கடலில் நின்றுகொள்ள, சிறு படகுகளில் ஏறிப் பவளத் திட்டுகளைத் தாண்டித் தீவுக்குச் செல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் இறங்குவதே நின்றுபோகும். ஆகவே அகத்தியை நம்பி மட்டும் பயணம் போகலாகாது. கிடைத்தால் பேறு என்று கொள்ள வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது.

ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமே உள்ள நீண்ட தீவு அது. தென்னையும் வெண்மணலும் கண்ணாடி போன்ற நீரும். கரையில் நடப்பதற்கும் நீரில் நிற்பதற்கும் பணம் வேண்டியதில்லை. மகன் ஒரு பவளத் துண்டைக் கையில் எடுத்தான். அங்கிருந்த தீவுக்காரர் ஒருவர், அதை எடுத்துச் செல்வது குற்றம் என்று அன்பாகச் சொன்னார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தையும் காக்கிறது. துண்டு மீண்டும் நீருக்குள் போயிற்று.

நீருக்குள் மூழ்கி மீன் பார்க்கவும், கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் போகவும் அங்கே கட்டணம் உண்டு. எங்கள் மீதிப் பணத்தில் ஒருவர் மட்டுமே போகலாம். முறைப்படி அது மகனுக்கு உரியது. அவன் வரிசையில் போய் நின்றான், திரும்பி வந்தான். அக்காளிடம் ஏதோ சொன்னான். பிறகு இருவரும் அம்மாவிடம் வந்து, ‘நீங்கள் ஒன்றும் தேர்ந்தெடுக்கவில்லை அல்லவா? உங்களுக்குத்தான் இந்தப் படகு’ என்றார்கள். அவள் மறுத்தாள், பணம் வீண் என்றாள், பயமாக இருக்கிறது என்றாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லிக்கு மாவு எடுத்து வைத்து, பத்து வீட்டுக்குக் கொடுத்து, அந்த வருவாயில் சீட்டுப் பணத்தில் பாதியைக் கட்டியவள் அவள். பிள்ளைகள் சீட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவள் கரையேறி வந்தபோது, மீன்களின் நிறங்களை ஒவ்வொரு சேலையின் பெயராகச் சொன்னாள். மாம்பழ நிறம், மயில் கழுத்து நிறம், வாடாமல்லி என்று அவள் சொல்லச் சொல்ல மகன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று!

அன்பர்களே, என் அனுபவத்திலிருந்து பிறருக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் தொகுத்துச் சொல்கிறேன். கரையிறங்கும் நேரத்தையும் ஏற வேண்டிய நேரத்தையும் முதல்நாள் இரவே கேட்டுத் தாளில் எழுதி, வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அட்டையும் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெகுதூரம் உள்ள இடத்தை முதலில் முடித்து, கப்பலுக்கு அருகில் உள்ளதைக் கடைசிக்கு வையுங்கள். எங்கள் பிள்ளைகளும் திரும்பி வந்ததும் தம் படத்தின் ஓரத்தில் இதையே எழுதினார்கள். குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முடிந்தால் அரசுப் படகும் பேருந்தும் நாடுங்கள். அவற்றில்தான் அந்த ஊர் மக்களைக் காணலாம்.

கப்பல் வாய்க்கவில்லையே என்று வருந்துவோர் இதே முறையை இங்கேயே செய்து பார்க்கலாம். கேட்வேயிலிருந்து எலிபெண்டாக் குகைகளுக்குப் படகு போகிறது. திங்கட்கிழமை மட்டும் குகைகளுக்கு விடுமுறை. மாண்ட்வாவுக்கும் படகு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறு தொகையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ‘இன்று நாங்கள் உங்கள் பின்னால் வருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். வழி தவறினாலும் பதறாதீர்கள், கேட்டறிந்து வருவார்கள். நம் பிள்ளைகளுக்குப் பெருஞ்செல்வம் சேர்த்து வைக்க நம்மால் இயலாமற்போகலாம். அறியாத ஊரில் இறங்கி, கையிலுள்ள காசை எண்ணி, தம் ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்லி, நேரத்தோடு திரும்பி வரும் திறனைக் கொடுக்க நம்மால் இயலும். அதற்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் பெற்றோர் சற்று வாய்மூடி நடக்கவும் வேண்டும்.